பஞ்சாலைத் தொழில்: தேசத்தின் உழைப்பும் முதலாளிகளின் உடைமையும்

(இந்தியப் பஞ்சாலைத் தொழிலின் வளர்ச்சியும் பொருளாதார முக்கியத்துவமும் குறித்துக் கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்திய முதலாளித்துவத்தின் வரலாற்றைக் கற்க விரும்புவோர் பஞ்சாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தோன்றிய பெருந்தொழில்களில் கல்கத்தாவின் சணல் ஆலைகளும் அசாமின் தேயிலைத் தோட்டங்களும் ரயில் பாதைகளும் பிரிட்டிஷ் மூலதனத்தின் கையில் இருந்தன. பெரும்பகுதி இந்திய மூலதனத்தைக் கொண்டு, இந்தியச் சந்தையை நம்பி வளர்ந்த முதல் பெருந்தொழில் பஞ்சாலையே. எனவேதான் அது நெடுங்காலம் 'தேசியத் தொழில்' என்று அழைக்கப்பட்டது.

அந்தப் பெயரின் பொருள் என்ன என்பதே இந்த உரையின் மையக் கேள்வி. ஆலையை வளர்க்கும் பொறுப்பு தேசத்துக்கு, ஆலையின் லாபம் உடைமையாளருக்கு, ஆலை மூடப்பட்டால் நட்டம் தொழிலாளிக்கு என்றால், அத்தொழிலில் தேசியம் எங்கே இருக்கிறது? இதற்கான விடையை 170 ஆண்டு வரலாற்றில்தான் தேட வேண்டும்.

அழிவின் மீது எழுந்த தொழில்

ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே இந்தியா உலகின் நெசவுச் சாலையாக இருந்தது. டாக்காவின் மஸ்லினும் மசூலிப்பட்டினத்தின் சித்திரத் துணியும் குஜராத்தின் பருத்தித் துணியும் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா எங்கும் விற்பனையாகின. இப்போட்டியைத் தாங்க முடியாத இங்கிலாந்து, 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றி இந்தியத் துணிக்குத் தடை விதித்தது. இன்று தடையற்ற வர்த்தகத்தைப் போதிக்கும் நாடுகள், தங்கள் தொழிலை வளர்த்த காலத்தில் பாதுகாப்புச் சுவர்களுக்குள் இருந்தே வளர்த்தன என்பதை மறந்துவிடலாகாது.

லங்காஷயரில் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வர்த்தக ஏகபோகம் முடிவுக்கு வந்தபின், மான்செஸ்டரின் நூலும் துணியும் இந்தியாவில் வெள்ளமெனப் புகுந்தன. இதில் முதலில் வீழ்ந்தவர்கள் கைராட்டையில் நூற்று வாழ்ந்த பெண்கள். நெசவாளர்களில் ஒரு பகுதியினர் ஆலை நூலை வாங்கி நெய்தேனும் உயிர் வாழ்ந்தனர். நூற்ற பெண்களுக்கோ அந்த வழியும் இருக்கவில்லை. வரலாற்று நூல்கள் நெசவாளர்களின் துயரைப் பேசும் அளவுக்கு இந்தப் பெண்களின் இழப்பைப் பேசுவதில்லை.

1853இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் ஏட்டில் இந்தியா பற்றி எழுதிய மார்க்ஸ், பருத்தியை ஏற்றிச் செல்வதற்காக ஆங்கிலேயர் அமைக்கும் ரயில் பாதையே இந்தியாவில் நவீனத் தொழிலுக்கு முன்னோடியாக அமையும் என்று கணித்தார். அடுத்த ஆண்டே, 1854இல், காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயில் நூற்பு நெசவுக் கம்பெனியை நிறுவினார். 1856இல் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. அகமதாபாத்தில் ரஞ்சோட்லால் சோட்டாலாலின் ஆலை 1861இல் இயங்கத் தொடங்கியது. 1877இல் நாகபுரியில் ஜம்ஷெட்ஜி டாட்டாவின் எம்ப்ரஸ் ஆலை திறக்கப்பட்டது. கான்பூர், ஷோலாப்பூர், சென்னை, மதுரை, கோயம்புத்தூர் என 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆலைகள் பரவின.

இவற்றுக்கான மூலதனம் எங்கிருந்து வந்தது? பம்பாய் வணிகர்கள் சீனத்துடன் நடத்திய அபின், பருத்தி வர்த்தகத்தில் குவித்த பணம் ஒரு பகுதி. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லங்காஷயருக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்காமல் போனதால், இந்தியப் பஞ்சின் விலை வானளாவ உயர்ந்தது. அதில் கிடைத்த கொள்ளை லாபம் மற்றொரு பகுதி. தக்காணத்தின் பருத்தி விவசாயிக்கு அந்த விலையேற்றத்தில் நிலையான பயன் ஏதும் கிட்டவில்லை. போர் முடிந்து விலை சரிந்தபோது கடன் மட்டுமே அவரிடம் எஞ்சியது. 1875இல் பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைத் தீயிட்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு பின்னணி. பஞ்சாலையின் வளர்ச்சியும் பருத்தி விவசாயியின் நெருக்கடியும் தொடக்கம் முதலே ஒன்றாகப் பிறந்தவை.

கலால் வரியும் தொழிற்சாலைச் சட்டமும்

இந்திய ஆலைகள் வளர்வதை லங்காஷயர் சகிக்கவில்லை. அதன் நெருக்குதலால் 1882இல் துணி மீதான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. அரசின் வருவாய்த் தேவைக்காக 1894இல் அந்த வரி மீண்டும் விதிக்கப்பட்டபோது, அதை ஈடுசெய்ய இந்திய ஆலை நூலின் மீது கலால் வரி சுமத்தப்பட்டது. 1896இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம், இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் என்று ஆக்கப்பட்டது. ஒரு நாட்டின் அரசு, அந்நியத் தொழிலைக் காப்பதற்காகத் தன் நாட்டுத் தொழிலின் மீது வரி போட்ட இந்த அநீதி, காலனி ஆட்சியின் உண்மை முகத்தைப் படித்தோர் அனைவருக்கும் காட்டியது. தேசிய இயக்கத்தின் 30 ஆண்டு எதிர்ப்புக்கும் 1925ஆம் ஆண்டின் பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்துக்கும் பிறகே அவ்வரி கைவிடப்பட்டது.

இதே காலத்தில் மற்றொரு விவாதமும் நடந்தது. ஆலைகளில் ஏழு வயதுக் குழந்தைகளும் வேலை செய்தனர். வேலை விடியலில் தொடங்கி இருட்டும் வரை நீடித்தது. 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அது ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதை மட்டுமே தடுத்தது. வயதுவந்தோரின் வேலை நேரத்துக்கு எந்த வரம்பையும் விதிக்கவில்லை. அதையும் ஆலை முதலாளிகள் எதிர்த்தனர். இது இந்தியத் தொழிலை முடக்க லங்காஷயர் செய்யும் சதி என்றனர். தேசியப் பத்திரிகைகளில் பலவும் அதையே எதிரொலித்தன. லங்காஷயரின் நோக்கம் சுயநலமே என்பதில் ஐயமில்லை. எனினும் குழந்தையின் கதியைப் பேசாமல் ஆலையின் கதியை மட்டும் பேசிய தேசியம், யாருடைய தேசியமாக இருந்தது?

அந்தக் குரலுக்கு எதிராக எழுந்தவர் ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே. 1884இல் அவர் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, வாராந்திர விடுமுறையும் வேலை நேர வரம்பும் கோரி மனு அளித்தார். 1890இல் பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை பெறப்பட்டது. இன்று பலரும் இயல்பானதாகக் கருதும் ஞாயிறு விடுமுறை, பஞ்சாலைத் தொழிலாளி போராடிப் பெற்றுத் தந்தது.

சந்தையை யார் தந்தார்கள்?

1896இல் இந்தியாவின் துணி நுகர்வில் இந்திய ஆலைகளின் பங்கு சுமார் 8 சதவீதம். 1913இல் அது 20 சதவீதமாகவும், 1936இல் 62 சதவீதமாகவும், 1945இல் 76 சதவீதமாகவும் உயர்ந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய தறுவாயில் 260க்கும் மேற்பட்ட ஆலைகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலை செய்தனர்.

இந்த வளர்ச்சிக்கு முதலாளிகளின் திறமையை மட்டும் காரணமாகக் கூறுவது வரலாற்றுப் புரட்டு. 1905இல் தொடங்கிய சுதேசி இயக்கமும், 1921இலும் 1930இலும் நடந்த அந்நியத் துணிப் புறக்கணிப்பும் இந்திய ஆலைகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டன. தடியடிக்கும் சிறைக்கும் அஞ்சாமல் துணிக்கடைகளின் முன் மறியல் செய்த மாணவர்களும் பெண்களுமே அந்தச் சந்தையைப் பெற்றுத் தந்தார்கள். சுதேசிக் காலத்தில் தேவை பெருகியபோது ஆலை முதலாளிகள் வேட்டி, சேலைகளின் விலையை உயர்த்தினர். 1930க்குப் பின் கிடைத்த இறக்குமதி வரிப் பாதுகாப்பின் சுமையையும் துணி வாங்கிய ஏழை மக்களே தாங்கினர்.

பொருளாதார முக்கியத்துவம் என்பதை உற்பத்திக் கணக்கை மட்டும் வைத்து அளக்க முடியாது. பஞ்சாலை ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி. அதன் ஒரு முனையில் பருத்திக் காடும் ஜின்னிங் ஆலையும் இருக்கின்றன. மறுமுனையில் சாயப்பட்டறையும் கைத்தறியும் தையலகமும் துணிக்கடையும் இருக்கின்றன. வேலைவாய்ப்பை இந்த அளவுக்குப் பரப்பும் வேறு ஆலைத் தொழில் இல்லை.

ஆயினும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது. அது இயந்திர உற்பத்தி. முதல் ஆலை தோன்றி ஏறத்தாழ 90 ஆண்டுகள் வரை கதிர்களும் தறிகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வாங்கப்பட்டன. மேனேஜிங் ஏஜென்சி முறையில் ஆலைகளை நடத்திய குடும்பங்கள் கமிஷனையும் ஈவுத்தொகையையும் எடுத்துக்கொண்டனவே தவிர, இயந்திரத் தொழிலில் முதலீடு செய்ய முன்வரவில்லை. காலனி அரசும் அதை ஊக்குவிக்கவில்லை. இந்தியாவுக்குப் பின் தொடங்கிய ஜப்பானின் பாதை வேறு. அங்கு டொயோடா நிறுவனம் உருவாக்கிய தானியங்கித் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரைச் சேர்ந்த பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே விலைக்கு வாங்கியது. பம்பாய் முதலாளிகள் இயந்திரம் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளில் அதுவும் ஒன்று. அரசியல் விடுதலை இல்லாத நாட்டில் தொழில் வளர்ச்சி எவ்வளவு ஊனமுற்றதாக இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிரண்காவின் செங்கொடி

பம்பாயின் லால்பாக், பரேல், வோர்லி பகுதிகள் சேர்ந்த ஆலைப் பகுதிக்கு மக்கள் இட்ட பெயர் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்தவர்கள் 'சால்' எனப்படும் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் 'ஜாபர்' என்ற மேஸ்திரியின் கையில் இருந்தன. அவருக்குக் கையூட்டுக் கொடுத்தே வேலை பெற வேண்டும். நிரந்தரமின்றித் தினமும் வாசலில் காத்து நிற்கும் 'பதிலி' தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

இத்தகைய சூழலில்தான் இந்தியத் தொழிலாளி வர்க்கம் அரசியல் அரங்கில் நுழைந்தது. 1908 ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது, பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூட்டுக்கு ஈடுகொடுத்தனர். இந்தியப் பாட்டாளி வர்க்கம் உணர்வுபூர்வமான அரசியல் போராட்டத்துக்குத் தயாராகிவிட்டது என்று அதே ஆண்டில் லெனின் மதிப்பிட்டார். 1918இல் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1920இல் பம்பாயில் ஏஐடியுசி உதயமானது.

1928இல் ஒரு தொழிலாளி அதிகத் தறிகளையும் அதிகக் கதிர்களையும் பார்க்க வேண்டும் என்ற 'சீரமைப்பு' திணிக்கப்பட்டது. இதை எதிர்த்து ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் ஒன்றரை லட்சம் பம்பாய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போராட்டத்தில் உருவான செங்கொடிச் சங்கமான கிர்ணி காம்கார் யூனியனின் உறுப்பினர் எண்ணிக்கை அந்த ஆண்டு முடிவதற்குள் 50 ஆயிரத்தைக் கடந்தது. அஞ்சிய அரசு 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்கைத் தொடுத்தது. தொழிற்தகராறு மசோதாவையும் கொண்டுவந்தது. பகத்சிங்கும் பட்டுகேஸ்வர் தத்தும் மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசியது இத்தகைய சட்டங்களைக் கண்டித்தே.

இந்த வீர வரலாற்றின் உள்ளே ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது கட்சிக் கல்விக்கு உதவாது. கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. நாடாவில் ஊடை நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். அதனால் 'தீட்டு' ஏற்படும் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் கூறினர். கூலி குறைந்த நூற்புப் பிரிவிலேயே தலித்துகள் நிறுத்தப்பட்டனர். முதலாளிக்கும் அது வசதியாக இருந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இக்கேள்வியை எழுப்பினார். தலைமை தயக்கத்துடனேயே அதைக் கோரிக்கைகளில் ஏற்றது. ஒரே ஆலையில், ஒரே சுரண்டலுக்கு ஆளானவர்கள் மத்தியிலும் சாதி தானாக உதிர்ந்துவிடாது. அதற்கு எதிராகத் தனியாகவும் போராட வேண்டும். வர்க்க ஒற்றுமை என்பது சாதிக் கேள்வியைத் தள்ளிப்போடுவதால் அல்ல, எதிர்கொள்வதாலேயே உருவாகும்.

விடுதலைக்குப் பின்: ஆலையிலிருந்து நிலத்துக்கு

1946 பிப்ரவரியில் கடற்படை வீரர்கள் எழுச்சி கொண்டபோது, அவர்களுக்காக வீதியில் இறங்கி உயிர் நீத்தவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு நாடு விடுதலை பெற்றது. பிரிவினையில் ஆலைகளில் பெரும்பாலானவை இந்தியாவில் இருந்துவிட, சிறந்த பருத்தி விளைந்த சிந்து, மேற்குப் பஞ்சாப் நிலங்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. அந்தப் பற்றாக்குறையை இந்திய விவசாயிகள் பருத்திச் சாகுபடியைப் பெருக்கி ஈடுகட்டினர்.

உடைமையாளர்களோ போர்க்கால லாபத்தை ஆலைகளைப் புதுப்பிப்பதற்குப் பயன்படுத்தவில்லை. ஆலைகளில் உறிஞ்சிய பணத்தை வேறு தொழில்களில் போட்டனர். 1960களில் 'நலிந்த ஆலைகள்' பெருகின. 1968இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் அமைக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 103 ஆலைகள் நாட்டுடைமையாயின. தொழிலாளரின் வேலை காக்கப்பட்டது ஒரு வெற்றியே. ஆனால் முதலாளிகள் சக்கையாக்கிய ஆலைகளை அரசு ஏற்றுக்கொண்டது. அவற்றை நவீனமாக்கத் தேவையான மூலதனத்தைத் தரவில்லை. நட்டம் மட்டுமே பொதுவுடைமையானது.

1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாயின் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். கூலி உயர்வும் பதிலித் தொழிலாளரின் நிரந்தரமும் மட்டும் கோரிக்கைகள் அல்ல. 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் உறவுச் சட்டம், தொழிலாளர் நம்பிக்கையை இழந்துவிட்ட ஒரு சங்கத்தையே ஒரே பிரதிநிதியாகத் திணித்து வந்தது. அச்சட்டத்தை நீக்க வேண்டும் என்பதும் கோரிக்கை. ஓராண்டுக்கும் மேல் நீடித்த அப்போராட்டம் முறைப்படி முடிவுக்கு வரவேயில்லை. பல பத்தாயிரம் தொழிலாளர்கள் மீண்டும் ஆலைக்குள் கால் வைக்கவில்லை.

வேலைநிறுத்தமே மும்பை ஆலைகளை அழித்தது என்று முதலாளித்துவ ஏடுகள் இன்றும் எழுதுகின்றன. ஆனால் உற்பத்தி அதற்கு முன்பே பிவண்டி, மாலேகாவ், இச்சல்கரஞ்சி விசைத்தறிகளுக்கு நகரத் தொடங்கியிருந்தது. ஆலைகள் நின்ற சுமார் 600 ஏக்கர் நிலத்தின் மதிப்பு, ஆலையின் மதிப்பைக் கடந்துவிட்டிருந்தது. 1991இல் வகுக்கப்பட்ட விதி அந்த நிலத்தை மூன்றாகப் பங்கிட்டு, பொது இடத்துக்கும் மக்கள் குடியிருப்புக்கும் தலா ஒரு பங்கு ஒதுக்கியது. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டுக் காலி நிலம் மட்டுமே பங்கீட்டுக்கு உரியது என ஆக்கப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. பொதுமக்களுக்கும் தொழிலாளருக்கும் உரிய பங்கு சுருங்கியது. புகைபோக்கிகள் நின்ற இடங்களில் இன்று வணிக வளாகங்களும் மாடமாளிகைகளும் நிற்கின்றன.

இன்றைய நிலையும் கடமையும்

ஆலைகள் மூடப்பட்டதால் தொழில் அழிந்துவிடவில்லை. மத்திய அரசின் கணக்குப்படி ஜவுளி, ஆயத்த ஆடைத் துறை சுமார் நாலரைக் கோடிப் பேருக்கு நேரடி வேலை தருகிறது. விவசாயத்துக்கு அடுத்து அதிக வேலை தரும் துறை இதுவே. பருத்தி விளைவிக்கும் விவசாயிகள் சுமார் 60 லட்சம். 2019-20 கணக்கெடுப்பின்படி கைத்தறியைச் சார்ந்தோர் 35 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள்.

மாறியிருப்பது உற்பத்தியின் அமைப்பு. விடுதலையின்போது துணியில் பெரும்பகுதியைத் தந்த ஒருங்கிணைந்த ஆலைகள், இன்று இருபதில் ஒரு பங்கைக்கூடத் தருவதில்லை. விசைத்தறி, கைத்தறி, ஆலை ஆகியவற்றுக்கு இடையிலான பாதுகாப்பு வரம்புகளை 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை தளர்த்தியது. கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகங்கள் 22லிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டன. நூற்பாலைகள் கைத்தறிக்காகச் சிட்ட நூலாகத் தர வேண்டிய பங்கு 50 சதவீதத்திலிருந்து 40ஆகவும், 2019இல் 30ஆகவும் வெட்டப்பட்டது. விசைத்தறித் தொழிலாளிக்கோ சட்டப் பாதுகாப்பு ஏட்டளவிலேயே இருக்கிறது. நூற்பாலைகளின் எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கும் தமிழ்நாட்டில், கிராமத்து இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தை அறியாதோர் இல்லை. கிரண்காவின் பதிலித் தொழிலாளி மறையவில்லை. அவர் இன்று சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்.

இந்தச் சிதறலையே ஆளும் வர்க்கம் ஆயுதமாக்குகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. ஆயத்த ஆடை ஏற்றுமதி தள்ளாடியது. அந்த நெருக்குதலை எதிர்கொள்ளாத மத்திய அரசு, பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை அதே மாதத்தில் தற்காலிகமாக நீக்கியது. ஏராளமான மானியத்துடன் விளையும் அமெரிக்கப் பஞ்சுக்கு வாயில் திறந்தது. ஆலைக்கு மலிவான பஞ்சு தேவை என்று கூறி விதர்பாவின் விவசாயி பலியிடப்பட்டார். தையலகத் தொழிலாளியின் வேலைக்கும் பருத்தி விவசாயியின் விலைக்கும் இடையே பகை இருப்பதாக ஒரு தோற்றம் உருவாக்கப்படுகிறது.

உண்மையில் அவ்விருவரின் நலனும் முரண்பட்டதல்ல. உள்நாட்டு மக்களின் வாங்கும் சக்தி உயர்ந்தால்தான் துணி விற்கும். விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலையும் தொழிலாளிக்கு உரிய கூலியும் கிடைத்தால்தான் அந்த வாங்கும் சக்தி உயரும். சுதேசிக் காலத்திலும் சரி, இன்றும் சரி, இத்தொழிலின் உறுதியான அடித்தளம் இந்திய மக்களின் உடுப்புத் தேவையே.

எனவே கட்சி உறுப்பினர்களின் முன் உள்ள கடமைகள் தெளிவானவை. இந்தியப் பருத்திக் கழகம் முழுச் செலவுடன் ஐம்பது சதவீதம் சேர்த்த விலைக்குக் கொள்முதல் செய்ய வேண்டும். கைத்தறிக்குரிய நூல் ஒதுக்கீடும் ரக ஒதுக்கீடும் மீட்கப்பட வேண்டும். விசைத்தறி, நூற்பாலை, ஆடைத் தொழிலாளர்கள் அனைவருக்கும் குறைந்தபட்சக் கூலியும் சங்க உரிமையும் வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும். மூடப்பட்ட ஆலைகளின் நிலத்தில் தொழிலாளரின் உரிமை ஏற்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை விவசாய சங்கம் ஒரு மேடையிலும் தொழிற்சங்கம் வேறொரு மேடையிலும் பேசினால் போதாது. பஞ்சு விளையும் வட்டத்திலும் நூல் நூற்கும் ஊரிலும் துணி தைக்கும் நகரத்திலும் ஒரே கோரிக்கைப் பட்டியலுடன், சாதி வேலிகளைத் தாண்டிய அமைப்புகள் கட்டப்பட வேண்டும். தேசத்தின் உழைப்பிலும் தியாகத்திலும் வளர்ந்த இத்தொழில் அப்போதுதான் பெயரளவில் அன்றி உண்மையிலேயே தேசியத் தொழிலாகும்.